உறைக்கு மேசை தேடிய டேப்பக்கா

மடக்கு மேசைக்கு உறை தேடி அலைந்தவர்கள் இந்த உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு உரிய மேசையைத் தேடி மேட்டுப்பாளையம் வரைக்கும் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் டேப்பக்கா. வண்டி ஓட்டிக்கொண்டு கூடப் போனவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

உக்கடத்துக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மை விருந்து, கண் பரிசோதனை முகாம் எல்லாம் அதில்தான். அங்கே உள்ள பாத்திரங்களுக்கும் மேசை நாற்காலிகளுக்கும் பொறுப்பு டேப்பக்கா. அதற்கு முன்னால் ஒரு மில்லில் துணியை அளந்து மடிக்கும் பிரிவில் இருந்தாராம். மில்லை மூடிவிட்டார்கள்; இவர் அளப்பதை நிறுத்தவில்லை. கழுத்தில் எந்நேரமும் ஒரு மஞ்சள் டேப் தொங்கும். சொந்தப் பெயர் என்ன என்று பங்குச் சாமியாருக்கே நிச்சயமாகத் தெரியாது. சொந்தபந்தம் என்று யாரும் தேடி வந்து நான் பார்த்ததில்லை.

பெரிசு, சிறுசு, நீளம், குட்டை என்ற வார்த்தைகள் எல்லாம் அவருக்கு விவரம் இல்லாதவர்கள் பேசும் பேச்சு. எல்லாவற்றுக்கும் இஞ்சுக் கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராதவர்கள், "சாமி இன்னைக்கு ரொம்ப நேரம் பேசினாருங்களா?" என்று கேட்டால், "பீடத்து மெழுகுவர்த்தி ஒண்ணே கால் இஞ்சு எறங்கிருச்சுங்க. போன வாரம் முக்கா இஞ்சுதான்" என்பார். ஒரு தரம் அவரை மடக்கிவிடலாம் என்று எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டி அகலம் கேட்டேன். "மூணடி ரெண்டரை இஞ்சு. ஆனா இடது பக்கம் கால் இஞ்சு சாஞ்சிருக்குது தம்பி" என்றார். ஏணி போட்டு அளந்தேன். மூன்றடி இரண்டரை இஞ்சு. சாய்ந்தும் இருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

என் தங்கை ஜெசிந்தாவின் நிச்சயதார்த்தம் இந்த மண்டபத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையம். அவர் வீட்டில் வைத்தது சட்டம் என்று இருப்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. பாக்கு மண்டி வைத்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம். அன்றைக்குச் சாப்பிட்டு முடியும் நேரத்தில் வேட்டி நழுவுகிற மாதிரி இருந்திருக்கிறது. குனிந்து பார்க்காமல், கையில் அகப்பட்ட துணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். அகப்பட்டது வேட்டி அல்ல, மேசை விரிப்பு. அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் வந்து, "சாப்பாடு எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்க, பெரியப்பா மரியாதையாக எழுந்து நின்றார்.

கூடவே நான்கு இலை, மட்டன் குழம்பு, தயிர் வெங்காயம், பாயசம் எல்லாம் எழுந்து வந்தன. வெள்ளை வேட்டிக்கு மேல் சிவப்பு விரிப்பைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு, மடி நிறையக் குழம்போடு பெரியப்பா நின்றார். மண்டபமே மூச்சுவிடவில்லை. ஒரே ஒருத்தன் மட்டும் சிரித்துவிட்டான். அது நான்தான்.

பெரியப்பா சத்தம் போடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள், பயம் அதில்தான். "இனி இந்த மண்டபத்துல நான் கை நனைக்க மாட்டனுங்க. கல்யாணத்துக்கு வருவனுங்க, பிள்ளைகளை ஆசீர்வாதம் பண்ணுவனுங்க, போயிருவனுங்க" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பெண் வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கை நனைக்காமல் போனால், அந்தச் சம்பந்தம் பாதி வெந்த சோறுதான். அவர் உட்காராத பந்தியில் அவர்கள் ஆட்கள் ஐம்பது அறுபது பேரில் ஒருத்தர்கூட உட்கார மாட்டார்கள். வேறு மண்டபம் பார்க்கலாம் என்றால், அந்தத் தேதிக்குக் கோயமுத்தூரில் ஒரு கொட்டகைகூடக் காலியில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலைக்கும் பேர் கொடுத்தாகிவிட்டது.

"ஏண்ணா, நீ சிரிச்சதுக்கு நான் அந்த ஊட்டுல காலம் பூரா தலை குனிஞ்சுட்டு நிக்கோணுமா?" என்று ஜெசிந்தா அழுதாள்.

மறுநாள் காலை டேப்பக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நடந்த தப்பு தன்னுடையது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அந்த ஐயா மேல குத்தமில்லீங்க. துணி டேபிளுக்குக் கீழ பதினாலு இஞ்சு தொங்குச்சு. தொங்கற துணியை மனுசன் செருகத்தான் செய்வான். தொங்காத கவரு வேணும், டேபிளோட தோல் மாதிரி. கல்யாணத்துக்குள்ள நான் கண்டுபுடிச்சர்றேன். தம்பிய மட்டும் என்ற கூடத் தாட்டி உடுங்க."

சிரித்த குற்றத்துக்குத் தண்டனையாக என்னை அவர்கூட அனுப்பி வைத்தார்கள்.

முதல் நாள் கடைவீதி. நான் பைக்கை எடுத்தேன். "டேபிளை எங்க வெக்கறது?" என்றார் அக்கா. மேசை எதற்கு, அளவு போதாதா என்றேன். "பொண்ணைக் கண்ணுல காட்டாம மாப்பிள்ளை பாக்க முடியுங்களா?" என்றார். குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து, மடக்கு மேசையை ஏற்றிக்கொண்டு ஒப்பணக்கார வீதிக்குப் போனோம். முதல் கடை வாசலிலேயே அக்கா மேசையை விரித்து வைத்தார். கடைக்காரர் ப்ரிட்ஜ் உறை காட்டினார், வாஷிங் மெஷின் உறை காட்டினார், பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு காட்டினார். கடைசியாக ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த ஒன்றை எடுத்து, "இது ப்ரீ சைஸுங்க, எல்லாத்துக்கும் சேரும்" என்றார்.

"எல்லாத்துக்கும் சேரும்னா எதுக்கும் சேராதுங்க" என்று அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் எங்கள் மேசைக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். நடைபாதையில் மேசை, கழுத்தில் ஏதோ தொங்கும் ஓர் அம்மா, பக்கத்தில் கண்ணாடி போட்ட நான். இலவச மருத்துவ முகாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் நின்ற பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை மேசைமேல் நீட்டினார். அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. டேப்பைச் சுற்றி அளந்து, "ஒம்பதே முக்கால் இஞ்சுங்க" என்றார்.

"நல்லதுங்களா?" என்று பெரியவர் கவலையாகக் கேட்டார்.

"உங்க ஒசரத்துக்குச் சரியான அளவுங்க."

அவர் முகம் மலர்ந்து போனார். மற்ற பத்துப் பேரையும் அளக்காமல் எங்களால் கிளம்ப முடியவில்லை.

அடுத்து என் யோசனைப்படி ஆன்லைனில் தேடினோம். மடக்கு மேசைக்கென்றே தைத்த உறை, படத்தில் மேசை மணப்பெண் மாதிரி ஜொலித்தது. வந்ததைப் போட்டுப் பார்த்தால், எங்கள் மேசை அப்பன் சட்டையைப் போட்ட குழந்தை மாதிரி நின்றது. நம்முடைய பந்தி மேசை ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கானது. பதினாறு இஞ்சு அகலம் இருந்தால் அதிகம். எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றை நீளவாக்கில் மூன்றாக அறுத்து நம்ம ஊர்ப் பட்டறையில் அடித்தது. அந்த அளவெல்லாம் ஆன்லைன்காரனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் டேப்பக்கா உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்துவிட்டார். கண்டக்டர் கெஞ்சுகிறார், இவர் சீட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார். "ஏனுங்க, ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு உக்காந்து எந்திரிக்கறாங்க. இந்த சீட்டுக் கவரு ஒரு நூல் நகரலையே. யாருங்க தெச்சது?" என்று கேட்டார். தைத்தவர் கோட்டைமேட்டில் இருந்தார். பஸ், கார், ஆட்டோ எல்லாவற்றுக்கும் சீட் கவர் தைக்கும் பாய்.

"டேபிளுக்கு சீட் கவரா அம்மணி?" என்று பாய் சிரித்தார். அக்கா அளவுச் சீட்டை நீட்டினார். பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்து நான்கு மேசை. இருபத்து நான்குக்கும் வேறு வேறு அளவு. அக்கா இரண்டு நாள் தரையில் மல்லாந்து படுத்து ஒவ்வொன்றின் அடிவயிற்றையும் அளந்திருந்தார்.

"அரை இஞ்சு லூஸ் வெச்சுக்கலாங்களா?" என்றார் பாய்.

"அரை இஞ்சுல ஒரு வெரல் போகும். வெரல் போனா வேட்டியும் போகுமுங்க."

பாய் எழுந்து உள்ளே போய்த் தன் டேப்பைக் கொண்டு வந்து அக்காவின் டேப்போடு ஒட்டிவைத்துச் சரிபார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. "சரி, தெச்சுத் தாரேன்" என்றார். துணி பிறகு சுருங்கிவிடக் கூடாது என்று, தைப்பதற்கு முன்பே அக்கா அதை மூன்று தரம் அலசிக் காயப்போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மின்விசிறி கொடுத்தாலும், மேசை கொடுத்தாலும், கொடுத்தவர் பேரை அதன்மேல் பெயின்டில் எழுதிவைப்பார்கள். மேசைகளின் விளிம்பில் இன்னார் நினைவாக, இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு என்று இருக்கும். உறை போட்டால் பேர் மறைந்துவிடுமே! செய்தி பரவி, பதினெட்டுக் குடும்பங்கள் சாமியாரைப் பார்க்க வந்துவிட்டன. "எங்கப்பாரு பேரைத் துணி போட்டு மூடிப்போடுவீங்களா?" என்று ஒரே சத்தம்.

சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். டேப்பக்கா குறுக்கே புகுந்து, "பேரைக் கவரு மேலயே நூல்ல போட்டுர்றனுங்க. பெயின்ட்டை விட எடுப்பாத் தெரியும்" என்றார். கூட்டம் சந்தோஷமாகக் கலைந்தது. ஆக, ஒவ்வொரு உறைக்கும் அளவு மட்டுமல்ல, பேரும் வந்துவிட்டது. சவரிமுத்து நினைவாகத் தைத்த உறையை அருளப்பன் மேசைக்குப் போட முடியாது. போட்டாலும் ஏறாது, ஏறினால் அருளப்பன் வீட்டார் விடமாட்டார்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் உறைகள் வந்தன. நான் பிரமித்துப் போனேன். வெங்காயத்தோல் நிறத்தில், மூலை நான்கும் கத்தி மாதிரி, மேசையை மூடியது தெரியாமல் கவ்விக்கொண்டு நின்றன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று ஏறின. பதினோராவது ஏறவில்லை. கடைசியில் மூன்று உறைகளும் மூன்று மேசைகளும் ஒன்றுக்கொன்று ஆகாமல் மிஞ்சின. அந்த மூன்று மேசைகளிலும் பேரே இல்லை.

"சாமி, இது நம்ம டேபிளு இல்லீங்க" என்றார் டேப்பக்கா.

சாமியார் மெல்ல உண்மையைச் சொன்னார். பாய் தைத்துக்கொண்டிருந்த வாரத்தில், மதுக்கரைக் கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு ஆறு மேசைகளும், மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு நான்கு மேசைகளும் இரவல் கொடுத்திருக்கிறார். "பத்துப் போச்சு, பத்து வந்துச்சும்மா. டேபிள்னா டேபிள்தானே?" என்றார். டேப்பக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல மாட்டேன்.

மறுபடியும் குட்டியானை. மதுக்கரையில் இரண்டு மேசைகள் எளிதாகக் கிடைத்துவிட்டன. சிமென்ட் தூசியில் பேர் மறைந்திருந்தது. அக்கா முந்தானையால் துடைத்து, உறையை மாட்டிப் பார்த்து, காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி தட்டிக்கொடுத்தார். மிச்சம் ஒன்று, சவரிமுத்து மேசை. மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டில் விசாரித்தோம். பெரியப்பா அந்த மேசையின் உயரம் பிடித்துப்போய், மண்டிக்கு எடுத்துக்கொண்டு, மண்டியில் கிடந்த பழைய மேசையைப் பதிலுக்கு அனுப்பிவிட்டாராம்.

"அக்கா, வேண்டாங்க. ஒரு டேபிள் குறைஞ்சா குறையட்டும். நான் சிரிச்சதை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டாருங்க" என்றேன். அக்கா அதற்குள் மண்டிக்குள் போய்விட்டார். நான் பாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பெரியப்பா மேசைமேல் முழங்கையை ஊன்றி போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வணக்கம் சொல்லவில்லை. நேராகப் போய் டேப்பை எடுத்து, அவர் முழங்கைக்குக் கீழே செருகி அளக்க ஆரம்பித்தார்.

"ஏனம்மணி, என்ன பண்றீங்க?"

"சித்த கையை எடுங்க."

அவர் எடுத்துவிட்டார். அறுபது பேர் அவருக்குப் பயந்து நிற்பார்கள். அவர் கையை எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அளந்து முடித்து, "எந்திரிங்க, இது எங்க டேபிளு" என்றார் அக்கா.

"இது என்ற டேபிளு அம்மணி."

அக்கா மேசையைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி விளிம்பைக் காட்டினார். "உங்க பேரு சவரிமுத்துங்களா?"

பெரியப்பா குனிந்து படித்தார். தொண்டையைச் செருமினார். "பதிலுக்கு ஒண்ணு குடுத்தனே. ஒரு டேபிளுக்காகவா கோயமுத்தூர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"டேபிளுக்கு இல்லீங்க ஐயா, உங்க மடிக்காக வந்தேன்" என்றார் டேப்பக்கா. "அன்னைக்கு உங்க மடியில கொழம்பு கொட்டுனது என்ற தப்புங்க. அளக்காம துணி விரிச்சுப்போட்டேன். உங்களுக்கு முன்னாடி எங்க பொண்ணு தலை குனிஞ்சு நிக்கக் கூடாதுங்க. இந்த ஒரு டேபிளு இல்லீன்னா நீங்க உக்கார்ற பந்தி முழுசாகாது."

எங்க பொண்ணு. சாமான் அறையில் தட்டு எண்ணிக்கொண்டிருந்த மனுஷி, என் தங்கையை அப்படிச் சொன்னபோது, மூட்டைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா மேசையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். பிறகு மூட்டைகள் பக்கம் திரும்பாமலேயே, "அங்க ஒளிஞ்சிருக்கற தம்பியை இந்தப் பக்கம் புடிக்கச் சொல்லுங்க" என்றார்.

மேசையைக் கொடுத்தாரே தவிர, சாப்பிடுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணத்தன்று பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். இருபத்து நான்கு மேசைகளும் பட்டாளம் மாதிரி வரிசையில் நின்றன. பிரியாணி அண்டா திறந்தாயிற்று, இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தரும் உட்காரவில்லை. எல்லோரும் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தா மேடையில் பூச்செண்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா நேராக சவரிமுத்து மேசைக்குப் போனார். உறையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஓரத்தில் வேட்டியைச் செருகுகிற மாதிரி விரல் விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மண்டபமே அதிர்ந்தது. மேசை ஒன்றரை அடி அவரை நோக்கி வந்தது. உறை ஒரு நூல் நகரவில்லை. இலைக்குப் பக்கத்து டம்ளர்கூட வைத்த இடத்திலேயே இருந்தது.

பெரியப்பா திரும்பி டேப்பக்காவைத் தேடினார். அவர் அண்டாவுக்குப் பின்னால் டேப்பின் இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையைப் பெரியப்பாவே பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார். உட்கார்ந்தார். டம்ளரை எடுத்து இலையில் தண்ணீர் தெளித்துக் கையால் துடைத்தார்.

"சோத்தப் போடுங்க" என்றார்.

அறுபது நாற்காலிகள் ஒரே நேரத்தில் இழுபட்டன. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஜெசிந்தா மேடையில் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் பெரியப்பா இலைக்கு ஓடினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இப்பச் சிரிங்க தம்பி" என்றார்.

சாப்பாடு முடிந்து குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடைக்கு ஏறினோம். போட்டோகிராபர் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஜெசிந்தா திடீரென்று முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், ஈரக் கையோடு இலை எடுத்துக்கொண்டிருந்த டேப்பக்காவை இழுத்துவந்து அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தினாள். "என்ற கை நாத்தம் அடிக்குது கண்ணு" என்று அக்கா நெளிந்தார். அப்படியே எடுத்தார்கள்.

அந்தப் படம் இப்போது மேட்டுப்பாளையத்தில் ஜெசிந்தா வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. வருகிற ஒறம்பரை உறவுக்காரர்களில் யாராவது, நடுவில் நிற்கும் இந்த அம்மா யார் என்று கேட்காமல் இருப்பதில்லை. ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்:

"அதுங்களா? சம்பந்தி ஊட்டுல மூத்த பொண்ணுங்க."

நாற்பது வருஷமாக எங்கள் வீட்டுக்கு நான்தான் மூத்தவன் என்று இருந்தேன். இறங்கிக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.